99-க்கு 1: குடியரசுக் கட்சியும் ஏஐ சட்டமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். ஏஐக்கு எந்தக் கடிவாளமும் வேண்டாம் என்பதுதான் குடியரசுக் கட்சியின் நிலைப்பாடு என்று அடித்துச் சொல்கிறான். பதவியேற்ற அன்றே பைடனின் ஆணையை ட்ரம்ப் நீக்கியதைச் சான்றாகக் காட்டுகிறான். அவன் சொல்வது சரியா?

மீனாட்சி, திருநெல்வேலி

அன்புள்ள மீனாட்சி,

பாதி சரி. பெரிய ஏஐ மாடல்களை உருவாக்கும் நிறுவனங்கள் பாதுகாப்புச் சோதனை முடிவுகளை அரசிடம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் பைடன் போட்ட ஆணை அது. அதை ரத்து செய்வோம் என்று 2024 தேர்தல் அறிக்கையிலேயே கட்சி எழுதியிருந்தது. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் சொன்னபடி செய்தார்.

மீதிப் பாதி அந்த ஆண்டு கோடையில் வெளியே வந்தது. ட்ரம்பின் பெரிய வரி மசோதாவுக்குள் ஒரு பத்தியைச் செருகியிருந்தார்கள்: ஏஐயைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை மாநிலங்கள் 10 ஆண்டுகளுக்கு அமல்படுத்தக் கூடாது. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் மசோதா 215-214 என்று தேறியது. அப்புறம்தான், ஆதரித்து வாக்களித்திருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்ஜரி டெய்லர் கிரீன், அப்படி ஒரு பத்தி இருந்ததே தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் எதிர்த்திருப்பேன் என்று எழுதினார். ட்ரம்பின் தீவிர ஆதரவாளர் என்று பெயர் எடுத்தவர் அவர். ஒரே வாக்கு வித்தியாசத்தில் தேறிய மசோதா இது. படித்தபோது எனக்குப் பகீரென்றது.

செனட்டில், மாநிலச் சட்டங்களுக்கான இந்தத் தடைக்காகப் பாடுபட்டவர் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ். எதிரே நின்றவர் அதே கட்சியின் மார்ஷா பிளாக்பர்ன். அவருடைய மாநிலமான டென்னசியின் தலைநகர் நாஷ்வில், பாடகர்களின் ஊர். ஒருவரின் குரலை அனுமதியில்லாமல் ஏஐயில் நகலெடுப்பதற்கு எதிராக 2024-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர். தடை வந்தால் அந்தச் சட்டம் என்னாகும்? முதலில் குரூஸோடு 5 ஆண்டுத் தடை என்று சமரசம் பேசிய பிளாக்பர்ன் பிறகு விலகிக்கொண்டார். அந்தக் கட்சியின் ஆளுநர்களில் 17 பேர் தடை கூடாது என்று கடிதம் எழுதியிருந்தார்கள். ஜூலை 1 விடிவதற்குள் அந்தப் பத்தியை 99-க்கு 1 என்று செனட் தூக்கி எறிந்தது.

உங்கள் தம்பி இருக்கும் டெக்சாஸையே பாருங்கள். தற்கொலைக்கோ குற்றத்துக்கோ தூண்டும் நோக்கத்தோடு ஏஐ உருவாக்கக் கூடாது என்ற சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் 2025 ஜூனில்தான் கையெழுத்திட்டார். அவரும் குடியரசுக் கட்சிதான். ஆக, கோடு விழுந்திருப்பது கட்சிக்கு உள்ளேயே: வெள்ளை மாளிகை ஒரு பக்கம், மாநிலத்தில் மக்களுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னொரு பக்கம். வெள்ளை மாளிகையும் விடவில்லை. 2025 டிசம்பரில், மாநில ஏஐ சட்டங்களை எதிர்த்து வழக்குப் போட ஒரு குழு அமைக்கச் சொல்லி ட்ரம்ப் ஆணையிட்டார்.

என் கவலை வேறு இடத்தில். மாநில உரிமைக்காக நிற்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியும் பாடகர்களின் குரலைப் பற்றியும் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் மிகப் பெரிய மாடல்களை வெளியிடும் முன்பே அரசு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கட்சியில் யார் கேட்கிறார்கள்? செனட்டர் ஜாஷ் ஹாலி கேட்டார். ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் புளூமென்தாலோடு சேர்ந்து 2025 செப்டம்பரில் அதற்கு ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அவர் பக்கத்தில் நிற்கக் கட்சியில் இன்னும் நாலு பேராவது வர வேண்டும்.