'வாஸ்' வந்தால் பாசிவ் வாய்ஸா?

கேள்வி: 'ஷி வாஸ் ரைட்டிங் எ லெட்டர்' என்ற வாக்கியத்தை என் மகள் பாசிவ் வாய்ஸ் என்று எழுதி மார்க்கை இழந்துவிட்டாள். 'வாஸ்' இருக்கிறதே என்கிறாள். எப்படிப் புரிய வைப்பது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகளைத் திட்டாதீர்கள் அம்மா. முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். வருடந்தோறும் நான் திருத்திய தவறு இது. 'வாஸ்' மட்டும் எதையும் சொல்லாது. அடுத்து வரும் வினைச்சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். 'ரைட்டிங்' என்றால் எழுதுபவள் அவளே; அது செய்வினை. 'தி லெட்டர் வாஸ் ரிட்டன்' என்றால் கடிதம் எதையும் செய்யவில்லை, எழுதப்பட்டது; இதுதான் பாசிவ், அதாவது செயப்பாட்டுவினை. பாசிவ் ஆக வேண்டுமென்றால் 'இஸ்', 'வாஸ்' போன்ற 'பி' வினையோடு 'ரிட்டன்' போன்ற மூன்றாம் வடிவமும் சேர வேண்டும், எழுவாய் அந்தச் செயலுக்கு உள்ளாகவும் வேண்டும்.

'பை' என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். 'ஷி வாஸ் ஸ்டாண்டிங் பை தி டோர்' என்பதில் கதவு யாரையும் எதுவும் செய்யவில்லை. 'தி டெம்பிள் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1010' என்று தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதினால் 'பை' இல்லாமலே அது பாசிவ்.

நம் பேச்சில் 'படு' அதிகம் வராது. 'இந்தக் கோயில் ராஜராஜன் கட்டியது' என்போமே தவிர 'கட்டப்பட்டது' என்று வீட்டில் யார் பேசுகிறோம்? பிள்ளைகள் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதனால் சந்தேகம் வரும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, 'எழுதினாள்' பொருந்துகிறதா, 'எழுதப்பட்டது' பொருந்துகிறதா என்று பார்க்கட்டும்.

அப்புறம், 'அரைவ்', 'ஸ்லீப்' போன்ற, செயப்படுபொருள் ஏற்காத வினைகளுக்குப் பாசிவே கிடையாது. 'தி பஸ் அரைவ்ட்' என்பதை மாற்றச் சொன்னால் மாற்ற முடியாது என்று தைரியமாக எழுதலாம்.