அக்கா பதில்கள்: சியர்லீடிங், பிரமிட், தலையில அடி

கேள்வி: அக்கா, பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்கூல்ல புதுசா சியர்லீடிங் (டான்ஸ் ஆடி, ஆள் மேல ஆள் ஏறி நிக்கற விளையாட்டு) டீம் ஆரம்பிச்சு கோயம்புத்தூர்ல ஒரு போட்டிக்கு கூட்டிட்டு போறாங்களாம். ஒல்லியா இருக்கான்னு எல்லாருக்கும் மேல இவளத்தான் ஏத்தறாங்க. சம்மதம் கேட்டு பேப்பர் வந்திருக்கு, கையெழுத்து போடவா வேண்டாமா?
– ஒரு அம்மா, குன்னூர்

பதில்: பேப்பர் பையிலயே இருக்கட்டும்மா, முதல்ல ஒரு நாள் சாயங்காலம் பிராக்டிஸ் நடக்கற எடத்துக்கு நேர்ல போயிட்டு வாங்க. போனதும் பொண்ண பாக்காதீங்க, தரைய பாருங்க. 2009ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எந்தத் தரையில எவ்வளவு உயரத்துலேர்ந்து தலை மோதுனா உயிருக்கே ஆபத்தாகும்னு அளந்து பாத்தாங்க, கான்கிரீட்டுக்கும் அதுமேல ஒட்டுன வினைல் தரைக்கும் வந்த கணக்கு வெறும் அரை அடி, ஸ்பிரிங் வச்ச தரைக்கு 11 அடிக்கும் மேல. உங்க பொண்ணு ரெண்டு பேரு கையில தோள் உயரத்துல நின்னா அவ தலை எட்டு ஒம்போது அடியில இருக்கும், நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

போட்டி அன்னிக்கு 54க்கு 42 அடி ஃபோம் தரை விரிச்சிருப்பாங்க, போட்டோ எல்லாம் அழகா வரும். ஆனா அங்க ஆடப்போறது ரெண்டரை நிமிஷம், அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ஆடுனது எங்கங்கறதுதான் விஷயம். நம்மூர்ல என்ன ஆகும்னா ஐப்பசி மழை புடிச்சதும் புல் கிரவுண்டு நசநசன்னு ஆயிரும், உடனே புள்ளைங்கள அப்படியே ஆடிட்டோரியத்துக்கு மாத்திருவாங்க, கீழ சிமெண்டு. நனையாம இருக்கட்டும்னு நல்ல மனசோடதான் செய்றாங்க, ஆனா ஈரப்புல்ல விட அது இன்னும் மோசம். அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2012லயே தெளிவா சொல்லிருச்சு, ஆளத் தூக்கற, ஏத்தற ஸ்டண்டெல்லாம் ஸ்பிரிங் தரை, ஃபோம் தரை, இல்லன்னா புல்லு மேலதான், கெட்டியான தரை, ஈரத்தரை, மேடு பள்ளமான தரை மூணும் கூடவே கூடாதுன்னு. மழை நாள்ல ஹாலுக்கு போனா கை வீச்சும் டான்ஸும் மட்டும் பண்ணட்டும், மேல ஏத்தக்கூடாது. இதை கோச்கிட்ட நேராவே சொல்லுங்க.

அடுத்து, எந்த லெவல் சொல்லித்தர்றீங்கன்னு கேளுங்க. இதுல ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் படி இருக்கு, முதல் படியில ஆளத் தூக்கி மேல வீசறதே கிடையாது, தோள் உயரத்தத் தாண்டி நிக்க வைக்கறதும் கிடையாது. "போட்டிக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு, நேரா வீசிரலாம்"னு யாராச்சும் சொன்னா பேப்பர அப்படியே திருப்பிக் குடுத்துருங்க. ஏறும்போது முன்னாடி பின்னாடி புடிக்கறதுக்குன்னே ஆள் நிக்கணும், அந்த ஸ்பாட்டர் போட்டோ எடுத்துட்டு நிக்கக்கூடாது. அப்புறம் பொண்ணுகிட்ட தனியா ஒண்ணு விசாரிங்க, மேல ஏறணும்னா சாப்பாட்ட குறைச்சுக்கோன்னு யாராச்சும் சொன்னாங்களான்னு. வளர்ற வயசுல அந்தப் பேச்சு விழுந்த அடிய விட ரொம்ப நாள் நிக்கும்.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. அமெரிக்க ஸ்கூல் கணக்குப்படி மொத்தமா எத்தனை பேருக்கு அடிபடுதுன்னு பாத்தா பொண்ணுங்க ஆடற பல ஆட்டத்த விட இதுல கம்மிதான். ஆனா பட்டா பெருசா படுது. அங்க ஸ்கூல் பொண்ணுங்க விளையாட்டுல 25 வருஷத்துல நடந்த ரொம்ப மோசமான விபத்துகள எண்ணிப் பாத்தா மூணுல ரெண்டு பங்கு சியர்லீடிங்ல நடந்தது. தரையும் ஆளும் சரியா இருந்தா தாராளமா கையெழுத்து போடுங்க, பொண்ணுக்கு நல்ல தைரியம் வரும்.

கேள்வி: இதெல்லாம் ஒரு விளையாட்டா அக்கா? பவுண்டரி அடிச்சா ஆடுவாங்களே அதான?
– காலேஜ் பையன், கொடைக்கானல்

பதில்: ஐபிஎல்ல 2008லேர்ந்து நீ பாக்கறது டான்ஸு தம்பி. போட்டிக்கு ஆடறவங்க ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணி, ஆளத் தூக்கி, மார்க் வாங்கறாங்க. 1898ல மின்னசோட்டா யுனிவர்சிட்டியில இத ஆரம்பிச்சு வச்சதே ஒரு பையன்தான், ரொம்ப வருஷம் பசங்கதான் ஆடுனாங்க. ஒலிம்பிக் கமிட்டி 2016ல தற்காலிகமாவும் 2021ல முழுசாவும் இதோட சர்வதேச சங்கத்த அங்கீகரிச்சிருச்சு. மெடல் தர்ற ஆட்டமா இன்னும் சேக்கல, அது வேற கதை.

கேள்வி: நான் பி.டி. மாஸ்டர். குடியரசு தினத்துக்கு அஞ்சு அடுக்கு மனித பிரமிட் வேணும்னு மேனேஜ்மெண்ட் சொல்லுது. பக்கத்து ஸ்கூல்ல நாலு அடுக்கு பண்ணிட்டாங்களாம். முடியாதுன்னு சொன்னா பயந்தாங்கொள்ளிங்கறாங்க.
– கோத்தகிரி

பதில்: சார், இதுலயே ஊறுன அமெரிக்காவுல ஸ்கூல் டீமுக்கு ரெண்டு ஆள் உயரம்தான், காலேஜுக்கு ரெண்டரை. அதுக்கு மேல விதி விடாது. உங்க மேனேஜ்மெண்ட் பயிற்சியே இல்லாத ஆறாவது ஏழாவது புள்ளைங்கள வச்சு அஞ்சு கேக்குது.

2006ல சதர்ன் இல்லினாய் யுனிவர்சிட்டி பொண்ணு ஒருத்தி, பாஸ்கெட்பால் மேட்ச் நடுவுல பிரமிட்லேர்ந்து சுமார் 15 அடி கீழ விழுந்து கழுத்தெலும்புல விரிசல் விட்டு தலையிலயும் அடி. ஸ்ட்ரெச்சர்ல கட்டி எடுத்துட்டு போறப்ப பேண்டு வாசிச்சாங்க, அந்தப் பொண்ணு படுத்துக்கிட்டே பாட்டுக்கு கைய ஆட்டுச்சு, அரங்கமே எந்திரிச்சு கை தட்டுச்சு. எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்னும் புடிக்கல. அதுக்கப்புறம்தான் பாஸ்கெட்பால் கோர்ட்ல ஆள வீசறதுக்கெல்லாம் கட்டுப்பாடு வந்துச்சு. ஜப்பான்ல இன்னும் உங்க கேஸ் மாதிரியே, 2015ல ஒசாக்கா பக்கம் யாவோங்கற ஊர்ல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு பத்து அடுக்கு கட்டி அது சரிஞ்சு ஒரு பையனுக்கு கை உடைஞ்சு போச்சு, மறுவருஷம் அரசாங்கமே பாதுகாப்பு உறுதி இல்லன்னா செய்யாதீங்கன்னு ஸ்கூல்களுக்கு எழுதுச்சு. நம்ம மகாராஷ்டிராவுல ஆள் மேல ஆள் ஏறி உறி அடிக்கற தஹி ஹண்டிக்கு கோர்ட் வரைக்கும் போய் 14 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க ஏறக்கூடாதுன்னு ஆயிருக்கு.

வாயால சண்டை போடாதீங்க சார். ரெண்டு அடுக்குக்கு மேல என் பொறுப்புல செய்ய முடியாது, மேட் இத்தனை வேணும், ஸ்பாட்டர் இத்தனை பேர் வேணும்னு கரஸ்பாண்டெண்ட்டுக்கு எழுதிக் குடுத்து காப்பியில கையெழுத்து வாங்கிக்கங்க. எழுத்துல வந்ததும் பாதி வீரம் தானா கரைஞ்சிரும். ஷோ வேணும்னா கோத்தகிரியில இருந்துக்கிட்டு ஏன் கவலை, எரநூறு புள்ளைங்கள வட்டமா நிக்க வச்சு படுகர் ஆட்டம் ஆட விடுங்க, மேடையில உக்காந்திருக்கற சீப் கெஸ்டே எறங்கி வந்து சேந்துக்குவாரு.

கேள்வி: அக்கா நான் பிளஸ் ஒன். டீம்ல கீழ நின்னு தாங்கற ஆளு. வியாழக்கிழமை மேலருந்து விழுந்தவ முழங்கை என் நெத்தியில பட்டுச்சு. மயக்கமெல்லாம் போடல, ஆனா தலைவலி விடல, வெளிச்சம் கூசுது. ஞாயித்துக்கிழமை போட்டி முடியட்டும், வீட்ல சொல்லாதேங்கறாரு கோச்.
– கூடலூர்

பதில்: இது அச்சாகறதுக்குள்ள ஞாயிறு போயிரும்னு இந்தக் கண்ணுகிட்ட போன்லயே பேசிட்டேன், மத்தவங்களுக்காக இங்க போடறேன். மயங்கலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் கிடையாது, மயங்காமயே கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கற காயம், வரும், ஸ்கேன் நார்மலா இருந்தாலும் வரும். மேல நிக்கறவளுக்குத்தான் ஆபத்துன்னு எல்லாரும் நினைப்பாங்க, கீழ தாங்கறவங்களுக்கும் தலையில நிறைய படுது. ஒரு அடி ஆறாதப்ப இன்னொரு அடி பட்டா மூளை வீங்கி உயிரே போகலாம், அதனால ஞாயிறு போட்டி கிடையவே கிடையாது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, போன் பாக்கறத குறைக்கணும், மெதுவா நடக்கலாம். அப்புறம் ஆறு படியா கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாச்சும் விட்டு, டாக்டர் சரின்னு சொன்ன பின்னாடிதான் முழு பிராக்டிஸ். நடுவுல தலைவலி திரும்புனா நிறுத்திரணும்.

திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கம் கலையாம கிடக்கறது, பேச்சு குழர்றது, வலிப்பு, கை கால் மரத்துப் போறது, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நம்ம மலைக்காரங்களுக்கு இங்க ஒரு சிக்கல் இருக்கு. அடிபட்ட புள்ளைய கூட்டிட்டு கொண்டை ஊசி வளைவுல போறப்ப வாந்தி எடுத்தா "மலைப்பாதை ஒத்துக்கல"ன்னு விட்டுருவோம், ஒரு அவோமின் வாந்தி மாத்திரை போட்டு தூங்க வச்சிருவோம். தலையில பட்டிருந்தா அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம், தூக்கம் மாத்திரையால வந்ததா மூளையில பட்டதால வந்ததான்னு யாருக்கும் தெரியாம போயிரும். கழுத்து வலிக்குதுன்னு சொன்னா கிரவுண்டுலேர்ந்து தூக்கி ஜீப்ல போடாம அசையாம படுக்க வச்சு 108க்கு கூப்புடுங்க.

அப்புறம் அந்த "வீட்ல சொல்லாதே". ஒரு பெரியவர் புள்ளைகிட்ட அப்படி சொன்னா, தலைவலி விஷயமோ தப்பா தொட்ட விஷயமோ எதுவானாலும், அன்னிக்கு ராத்திரியே வீட்ல சொல்லணும், வீட்ல காது குடுக்கலன்னா புள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது. உன் மேல விழுந்த பொண்ணையும் டாக்டர்ட்ட காட்டச் சொல்லு கண்ணு, அவ முழங்கை எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.