நடுநிலை கிலோ என்ன விலை?

கேள்வி: ஆன்மீகமா, அறிவியலா என்று விவாதம் வந்தால் இரு தரப்புமே சார்போடுதான் பேசுகிறார்கள். நடுநிலையான உண்மை எங்கே கிடைக்கும்? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: 'ஆன்மிகம்' என்று எழுதுங்கள் என இந்தப் பக்கத்தில் எத்தனை முறைதான் கத்துவது? சரி, விடுங்கள். நடுநிலைக்கு வருவோம். அதை முதுநகர்க்காரரா கேட்பது! உங்கள் ஊர்த் துறைமுகத்தில்தான் ஒருமுறை வஞ்சிரம் வாங்கினேன். தராசு முள், வள்ளுவர் சொன்ன மாதிரி ஒருபால் கோடாமல், நடுவில் நின்றது. வீட்டில் நிறுத்தால் இருநூறு கிராம் காணோம். அடுத்த முறை குனிந்து பார்த்தேன்: மீன் தட்டின் அடியில் உள்ளங்கை அளவு புளி! மீனோடு குழம்புப் புளிக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன். புளியை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து யாராவது 'நான் நடுநிலை' என்றால் தட்டின் அடியைத்தான் பார்க்கிறேன். தொலைக்காட்சியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் அளந்து கொடுக்கிறார்களே, அவர்களையும் சேர்த்துத்தான்.

பக்கத்துப் புதுச்சேரிக்கே போவோம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்து, 1769-இல் மேகத்திடம் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, அங்கே ஒரு தமிழரின் கிரகணக் கணக்கைச் சரிபார்த்தார். 1765 ஆகஸ்ட் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 நொடி குறைவு. ஐரோப்பாவின் வானியலாளர் டோபியாஸ் மேயர் போட்ட நிலா அட்டவணை 68 நொடி அதிகம். பஞ்சாங்க அன்பர் இதோடு புத்தகத்தை மூடிவிடுவார். அதே ஊரில் 1825-இல் ஒருவர் தரையில் சோழி வைத்துக் கணக்குப் போட்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை, இந்தியக் காலக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் எழுதியிருக்கிறார். தொடக்கம் 4 நிமிடத்துக்குள் சரி. முடிவு 52 நிமிடம் பிசகு. பகுத்தறிவு அன்பர் 52-இல்தான் புத்தகத்தைத் திறப்பார். (சோழிக்கு ராகுவும் தெரியாது, நியூட்டனும் தெரியாது.) இருவரும் சொல்வது பொய்யில்லை. புளி.

என் தட்டிலும் உண்டு. கிரகணத்தன்று அம்மா தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிற்க வைப்பார். கிரகணம் இல்லாவிட்டாலும் நிற்கும் என்று மறுநாள் நானே நிறுத்திக் காட்டி, இங்கே பெருமையாக எழுதவும் செய்தேன். மூன்று முறை விழுந்து நாலாவது முறைதான் நின்றது என்பதை எழுதவில்லை. தாம்பாளத்தில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது.