வீட்டில் குரல் பதிவு செய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

ஒலிநூலும் விளம்பரக் குரலும் வீட்டிலிருந்தே செய்யப் போகிறீர்கள், அதற்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் ‘ப்ரொஃபஷனல்’ ரகத்தில் ஒன்று வேண்டும், மைக்கை அப்புறம் பார்த்துக்கொள்வீர்கள். உங்கள் கேள்வியின் சாரம் இதுதானே? அந்தக் கடைசி வரிதான் இடிக்கிறது. கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிற கதை அது.

ஆறு வருடம் முன்பு நானும் அப்படித்தான் செய்தேன். கையில் இருந்த காசுக்கு ஒரு சின்னப் பெட்டியை முதலில் வாங்கினேன். பிறகு, யூட்யூபில் எல்லார் வாய்க்கு முன்னாலும் தொங்குகிறதே என்று ஷூர் எஸ்எம்7பி மைக்கைக் கடன் வாங்கி வாங்கினேன். சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசி வரை திருகினாலும் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. சரி, சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்றி, முதல் அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். மறுநாள் எடிட்டர் தம்பி போனில், “அண்ணே, மதுரையில மழையா?” என்றான். மே மாதம் அது. வெளியே தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. அவன் காதில் விழுந்தது என் பதிவின் இரைச்சல்.

மைக்கிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காதது என் தப்பு.

கணக்கு சுலபம்தான். 94 டெசிபல் சத்தம் மைக்கின் முன் வந்தால் அது எத்தனை மில்லிவோல்ட் தரும் என்பதை ‘சென்சிட்டிவிட்டி’ என்று மைக்கின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். எஸ்எம்7பி ஒரு டைனமிக் மைக், அதாவது மின்சாரம் வேண்டாத, மெல்லிய சிக்னல் தரும் வகை. அது தருவது 1.12 மில்லிவோல்ட். ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக், அதாவது மின்சாரம் ஊட்டினால் ஓடும், பலமான சிக்னல் தரும் வகை. அது 14.1 தருகிறது. அதே வகையான ரோட் என்டி1-ஏ 25 தருகிறது. அதாவது நீங்கள் ஒரே குரலில் படித்தாலும் முதல் மைக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையே 22 டெசிபல் வித்தியாசம், மூன்றாவதோடு ஒப்பிட்டால் 27. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டிய வேலை முழுக்க இன்டர்ஃபேஸுக்குள் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் தலையில் விழுகிறது. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது. கண்டென்சருக்கு 40 சொச்சம் இருந்தாலே ஒலிநூல் வாசிப்புக்குப் போதும்.

இனி கடையில் கிடைக்கும் பெட்டிகளைப் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறையில் சோலோ என்ற மாடல் தருவது 57 டெசிபல் கெயின், 2ஐ2 என்ற மாடல் தருவது 69. பெயரும் நிறமும் ஒன்று, விலையிலும் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் டைனமிக் மைக்கோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சாதனம். ஆடியன்ட் ஈவோ 4 தருவது 58, மோட்டு எம்2 தருவது 60, எஸ்எஸ்எல் 2 தருவது 62. முதல் தடவை வாங்கும்போது இந்த ஒரு எண்ணைத்தான் நான் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் ‘192 கிலோஹெர்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அந்த 192, விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண். அதைப் பற்றி இரண்டு வரி போதும். குரலுக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வோர் அளவையும் எழுதும் நுணுக்கம்) போதும். வீடியோவோடு சேரும் வேலை என்றால் 48. ஒரு மணி நேர மோனோ பதிவு 48இல் சுமார் 520 எம்பி வரும், 192இல் 2 ஜிபியைத் தாண்டும். ஹார்ட் டிஸ்க் நிறையும், கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அடுத்து ‘ப்ரீஆம்ப் சுத்தம்’ என்று விளம்பரங்களில் பேசப்படும் சங்கதி. ப்ரீஆம்ப் தானாகச் சேர்க்கும் இரைச்சலை ஈஐஎன் என்று குறிப்பிடுவார்கள். மைக்குக்குப் பதிலாக 150 ஓம் மின்தடையைச் செருகி அளப்பது வழக்கம். அந்த நிலையில் இயற்பியல் அனுமதிக்கும் எல்லையே மைனஸ் 131 டிபியு அளவுதான் (டிபியு, மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு; மைனஸ் எண் பெரிதானால் இரைச்சல் குறைவு). மேலே சொன்ன பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய மைனஸ் 127க்கும் 130க்கும் நடுவில் நிற்கின்றன. சுமார் மூன்று டெசிபல் இடைவெளியில் நடக்கும் போட்டி இது. கண்டென்சர் வைத்திருப்பவருக்கு அந்த மூன்றும் பொருட்டில்லை, ஏனென்றால் மைக்கின் சொந்த இரைச்சல் அதற்கும் மேலே இருக்கும். ஏடி2020க்கு அது 20 டெசிபல், என்டி1-ஏக்கு வெறும் 5. ஆக, ‘இன்னும் சுத்தமான’ ப்ரீஆம்ப் தேடி இரண்டு மடங்கு காசு போடுவதைவிட அந்தக் காசை மைக்கில் போடுவது புத்திசாலித்தனம். டைனமிக் மைக் வைத்திருந்தால் கதை மாறும். அங்கே ப்ரீஆம்பின் இரைச்சல்தான் நேராகக் காதில் விழும்.

ஏற்கெனவே டைனமிக் மைக்கும் சின்னப் பெட்டியும் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் க்ளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரி நடுவில் செருகும் பூஸ்டர் ஒன்றை வாங்குவார்கள். 25, 27 டெசிபல் கூட்டித் தரும். நானும் அப்படித்தான் தப்பித்தேன். பெட்டியிலிருந்து மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர், போனால்தான் அது வேலை செய்யும். புதிதாக வாங்குபவர் சோலோவையும் பூஸ்டரையும் சேர்த்து விலை கூட்டிப் பார்த்தால், 2ஐ2 மட்டும் வாங்குவது லாபம் என்று தெரியும்.

என் தீர்ப்பு: ஒருவர் மட்டும் உட்கார்ந்து படிக்கும் வேலை, கண்டென்சர் மைக் என்றால் ஒரே ஒரு மைக் இன்புட் உள்ள ஆடியன்ட் ஐடி4 அல்லது சோலோ போதும். டைனமிக்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 2ஐ2. அதில் கெயினைத் தானாக வைக்கும் வசதியும், குரல் உச்சத்துக்குப் போகும்போது கெயினைக் குறைத்துவிடும் க்ளிப் சேஃபும் உண்டு. நாடகத்தனமாகக் கத்திப் படிக்கும் கட்டங்களில் கைகொடுக்கும். சோலோவில் இவை கிடையாது. மோட்டுவில் எனக்குப் பிடித்தது முகப்பில் இருக்கும் திரை மீட்டர். கணினிப் பக்கம் திரும்பாமல் பிரதியில் கண் வைத்தபடியே அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் டைரக்ட் மானிட்டர், அதாவது உங்கள் குரலைக் கணினிக்குப் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்குள் போய்ச் சுற்றி வரும் உங்கள் குரல் சற்றுத் தாமதமாக ஹெட்ஃபோனில் கேட்டால் நாக்கு குழறும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இன்னொரு தொல்லை நம் வீடுகளில் அதிகம். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஹெட்ஃபோனில் ‘ஙொய்’ என்று ஒரு ஓசை எழும். உடனே இன்டர்ஃபேஸைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் கோளாறு கரண்ட் பக்கம். நான் முழு பேட்டரியோடு உட்கார்ந்து, ஓர் அத்தியாயம் முடிந்ததும் சார்ஜ் போடுகிறேன். எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், உயிரோடு விளையாட்டு அது.

வாங்கி வந்த பிறகு ஒரு சோதனை. அமேசானின் ஒலிநூல் கடையான ஆடிபிளுக்கு ஒலிநூல் அனுப்பும் ஏசிஎக்ஸ் தளத்தில், சராசரி ஒலி அளவு மைனஸ் 23 டெசிபலுக்கும் மைனஸ் 18க்கும் இடையில் இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக்கூடாது, பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. நான் படித்துக் கொடுக்கும் இடங்களிலும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான். படிக்கும் அளவுக்குக் கெயினை வைத்து, மின்விசிறியை அணைத்து, முப்பது விநாடி வாயே திறக்காமல் பதிவு செய்யுங்கள். 60க்குக் கீழே இறங்கவில்லையா? கெயினைத் தொடாமல் மைக்கைத் துணி அடுக்கிய பீரோவுக்குள் வைத்து, கேபிள் போகும் அளவுக்குக் கதவைச் சாத்தி, இன்னொரு முப்பது விநாடி. எண் நன்றாக இறங்கினால் குற்றவாளி அறை, இறங்காவிட்டால் மைக்கையோ பெட்டியையோ சந்தேகப்படலாம்.

பூஸ்டர் போட்ட பிறகும் எனக்கு மைனஸ் 54இலேயே நின்றது. பீரோவுக்குள் வைத்ததும் 63க்கு இறங்கியது. தேடிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஃப்ரிட்ஜ். இப்போதெல்லாம் பதிவுக்கு உட்காரும் முன் அதை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுகிறேன். திரும்பப் போட மறந்து, ஒரு பானை தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்த அன்று வீட்டில் வாங்கிய ஏச்சு போதும்.