கமாண்டோ கனவு இருக்கட்டும், முதலில் கடற்படை

வணக்கம் ஐயா. பையன் பிளஸ் டூ கணக்கு குரூப் படிக்கிறான், ராத்திரியெல்லாம் அமெரிக்க மரீன் வீரர்களின் (கடலிலிருந்து கரையேறிப் போரிடும் படையினர்) வீடியோ பார்த்துவிட்டு 'மார்க்கோஸ்தான் ஆவேன்', அதாவது நம் கடற்படைக் கமாண்டோ ஆவேன் என்கிறான், 'நேரடி செலக்‌ஷன்' வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார், கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மார்க்கோஸுக்கு வெளியிலிருந்து நேரடியாகச் சேரும் வழியே கிடையாது.

தம்பி பார்க்கும் வீடியோக்கள் வேறு நாட்டுக் கதை. அமெரிக்க மரீன் படை 1775 நவம்பர் 10-ல் தொடங்கியது, தனக்கென்று ஆளெடுக்கிற தனிப் படை. ஆண்டுதோறும் அந்த நாளில் கேக் வெட்டி, அங்கிருப்பவர்களில் மூத்த வீரர் தன் கையால் இளைய வீரருக்குக் கொடுப்பார். பிரிட்டனின் ராயல் மரீன்கள் அதற்கும் மூத்தவர்கள், 1664-ல் தொடங்கியவர்கள். நம் நாட்டில் அப்படித் தனி மரீன் படை இல்லை. மார்க்கோஸ் கடற்படைக்குள் இருக்கும் ஒரு சிறு பிரிவு, 1987-ல் உருவானது. மறு வருடமே மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்கும் நடவடிக்கையில் இறங்கியது. 2008 மும்பைத் தாக்குதலில் தேசியப் பாதுகாப்புப் படை வந்து சேரும் முன்பே தாஜ் ஹோட்டலுக்குள் நுழைந்தவர்கள் இவர்கள்தான். கடலே இல்லாத காஷ்மீரில் வூலர் ஏரியிலும் காவல் இருந்திருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலைக் கொள்ளையர்களிடமிருந்து மீட்டதைத் தம்பியிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். சி-17 விமானத்திலிருந்து கமாண்டோக்கள் படகுகளோடு கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் காயமின்றித் தப்பினார்கள். குதித்தவர்களை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கப்பலை மேலிருந்து கண்காணித்த பி-8ஐ ரக விமானத்துக்கு முதல் தளம் எது தெரியுமா? நம் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானத் தளம்! காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். அந்த விமானத்துக்குள் ரேடார் பார்ப்பவரும், தரையில் அதைப் பழுது பார்ப்பவரும் கடற்படைக்காரர்கள்தான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மார்க்கோஸுக்குக் கடற்படையில் ஏற்கெனவே இருப்பவர்கள்தான் விருப்பம் தெரிவிக்க முடியும். அவர்களிலும் பெரும்பாலோர் தேர்வின்போதே கழன்றுவிடுவார்கள். தாண்டியவர்களுக்குக் கொச்சியில் முக்குளிப்பு, ஆக்ராவில் பாராசூட் என்று பயிற்சி நீளும். ஆகவே தம்பியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கமாண்டோ ஆகாவிட்டாலும் கப்பலில் சந்தோஷமாக இருப்பாயா? 'ஆமாம்' என்றால் மேற்கொண்டு பேசலாம்.

வழிகள் மூன்று. எனக்குப் பிடித்தது பி.டெக் கேடட் நுழைவு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம், அதோடு ஜேஇஇ மெயின் ரேங்க். எஸ்எஸ்பி (படை அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்முகத்தில் தேறினால் கேரளத்தின் எழிமலையில் நான்கு வருடம் அரசுச் செலவில் படிப்பு, முடிந்ததும் அதிகாரி. அடுத்தது என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி), அதைத் தம்பியே படித்துத் தெரிந்துகொள்வான். மூன்றாவது அக்னிவீர்: நான்கு வருடப் பணி, அதன் பிறகு நிரந்தரமாகத் தொடர்வது அதிகபட்சம் நால்வரில் ஒருவர், மற்றவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் சேவா நிதியுடன் (பணி முடிவில் மொத்தமாகத் தரும் தொகை) ஊர் திரும்புவார்கள். இருபத்தைந்து வயதுக்குள் மறுபடி வேலை தேட வேண்டியிருக்கும் என்பதை உங்கள் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் 'ராணுவமே போதும்' என்கிறார் உங்கள் மாமா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடலில் இறங்கிக் கரையைப் பிடிக்கிற வேலைக்கு ராணுவத்திலும் ஆள் உண்டு, திருவனந்தபுரத்தில் இருக்கும் 91-வது பிரிகேட் அதற்கென்றே பயிற்சி பெற்றது. ஆனால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும்.

நீச்சல் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். பாலாற்றை நம்ப முடியாது. உங்கள் மாமாவின் கிணற்றில், தம்பி இடுப்பில் காலி கேனைக் கட்டி, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, இந்தக் கோடையிலேயே ஆரம்பிக்கட்டும். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓடுவதையும் இப்போதே பழகட்டும், அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில் அதுதான் அளவு. அப்புறம், கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் ஒரு கண் மருத்துவரிடம் பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் சோதித்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கினாலும் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள்.