வசந்த காலத்துக்கு அதிக செலவு இல்லாம வீட்லயே செய்யற மாதிரி ஈஸியான கிராஃப்ட் ஐடியா ஏதாவது இருக்கா?

இருக்கு, ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கிராஃப்ட் சாமான்னு வாங்கி வாங்கி ஒரு அலமாரியே ரொம்பிப் போச்சு எங்க வீட்ல, அதுல பாதி பாக்கெட் கூட பிரிக்கல. ஆனா இன்னைக்கும் சுவத்துல தொங்கிட்டு இருக்கறது குப்பைக்குப் போக வேண்டிய முட்டை அட்டைல செஞ்ச பூ தான். பத்து வீடியோ பாத்து பத்துக்கும் சாமான் வாங்கறதுலதான் காசு போகுது, அதனால கீழ சொல்றதுல ஏதாவது ஒண்ண மட்டும் எடுங்க, அது நல்லா வந்தா அடுத்தது.

என்னைக் கேட்டா முட்டை அட்டைல ஆரம்பிங்க. பேப்பர் கூழ்ல செஞ்ச அட்டை வேணும், பிளாஸ்டிக்கோ தெர்மாகோலோ இதுக்கு ஆகாது. அழுக்கில்லாத காஞ்ச அட்டையா பாத்து எடுங்க, கழுவலாம்னு தண்ணில போட்டீங்கன்னா ஊறிப்போய் கைல வந்துடும். ஒவ்வொரு குழியையும் தனித்தனியா வெட்டி, விளிம்புலேந்து அடி வரைக்கும் 4 எடத்துல கத்தரிச்சு, மூலைய எல்லாம் உருண்டையா வெட்டி விட்டா இதழ் ரெடி. இப்ப ஒரு குழிய கொஞ்சம் சின்னதா வெட்டி பெரிய குழிக்குள்ள ஒட்டணும், ஒட்டும்போது லேசா திருப்பி வைங்க, கீழ இருக்கற இடைவெளில மேல் இதழ் வந்து விழணும், நேருக்கு நேர் வெச்சா பூ மாதிரி இருக்காது டப்பா மாதிரி இருக்கும். கலர் அடிக்கறப்போ இந்த அட்டை நல்லா உறிஞ்சிக்கும், முதல் கோட் காஞ்சதும் மங்கலா தெரியும், பயப்படாம ரெண்டாவது கோட் குடுங்க. நடுவுல கொஞ்சம் டார்க்கா, ஓரத்துக்கு வர வர லைட்டா அடிச்சீங்கன்னா எட்டி நின்னு பாக்கறவங்களுக்கு அட்டைன்னே தெரியாது. குழிகளுக்கு நடுவுல கூம்பு மாதிரி உசரமா நிக்கும்ல, அத நிறைய பேரு தூக்கிப் போட்டுடுவாங்க, அதக் கவுத்தா அழகான மணிப்பூ. கீழ விழுந்து கெடக்கற காஞ்ச குச்சியே காம்பு.

அடுத்தது கிரேப் பேப்பர் பூ. எந்த வீடியோல பாத்தாலும் சர்ருன்னு செஞ்சு காட்டிடுவாங்க, நம்ம செஞ்சா மட்டும் இதழ் தட்டையா செத்துப் போய் கெடக்கும். எனக்கு நாலஞ்சு தடவை சொதப்பினதுக்கு அப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. அந்தப் பேப்பர்ல மெல்லிசா சுருக்க கோடு ஓடும் பாருங்க, அந்தக் கோட்டுக்குக் குறுக்கால இழுத்தா மட்டும்தான் நீளும், கோட்டோட போக்குல இழுத்தா நீளாது. அதனால கோடு மேலேந்து கீழ வர்ற மாதிரி வெச்சு இதழ் வெட்டணும், அப்புறம் ரெண்டு கட்டை விரலையும் நடுவுல வெச்சு மெதுவா ரெண்டு பக்கமும் இழுத்தா இதழ் குழிஞ்சு கிண்ணம் மாதிரி ஆயிடும். இவ்ளோதான் விஷயம். விளிம்ப ஒரு பென்சில்ல சுத்தி விட்டீங்கன்னா வெளிப்பக்கமா சுருண்டுக்கும்.

நெஜப் பூவே நிறைய கெடைக்கற நேரம்னா அழுத்திக் காய வைக்கலாம், செலவே கெடையாது. ஈரம் இல்லாத நேரத்துல பறிச்ச, மெல்லிசான, தட்டையான பூவா இருக்கணும். வழவழன்னு இருக்கற பத்திரிகை பேப்பர் ஈரத்த உறிஞ்சாது, சாதா வெள்ளைத் தாள் ரெண்டுக்கு நடுவுல வெச்சு மேல கனமான புக்க அடுக்குங்க. ரெண்டு நாள் கழிச்சு தாள மட்டும் மாத்துங்க, அப்புறம் 2, 3 வாரம் திறந்து திறந்து பாக்காம இருக்கணும் (எனக்கு இதுதான் கஷ்டம்). நான் ஒரு தடவை முழு ரோஜாவ அப்படியே ஒரு பழைய டிக்‌ஷனரிக்குள்ள வெச்சு மறந்துட்டேன், திறந்து பாத்தா பூஞ்சை புடிச்சு பழுப்பா ஒரு கறை, அந்தப் பக்கத்துல வார்த்தையே படிக்க முடியல. ரோஜான்னா இதழ் இதழா பிரிச்சு வைங்க. வெள்ளைப் பூ பெரும்பாலும் பழுப்பாயிடும், சிவப்பு கறுத்துடும், அதத் தெரிஞ்சுக்கிட்டே செய்யணும். காஞ்சதும் அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப் ரெண்டுக்கு நடுவுல வெச்சா புக்மார்க் ஆச்சு, லேமினேஷன் எல்லாம் வேணாம்.

கோவம் தீர ஒரு கிராஃப்ட் வேணுமா? பச்சை இலைய காட்டன் துணி மேல வெச்சு டேப் போட்டு ஒட்டி சுத்தியலால தட்டுங்க, இலையோட நரம்பு உட்பட துணில அப்படியே அச்சு விழும். ஜப்பான்ல இதுக்கு தடாகிசோமேன்னு பேரு. துணிய முன்னாடியே படிகாரத் தண்ணில ஊற வெச்சு காய வெச்சுக்கிட்டா சாயம் நல்லா புடிக்கும், இருந்தாலும் துவைக்கத் துவைக்க மங்கத்தான் செய்யும், அதனால ஃப்ரேம் பண்ணி மாட்டற துணிக்கு இது பெஸ்ட். கீழ் வீட்ல ஆள் இருக்காங்கன்னா மத்தியானத்துல தட்டாதீங்க, எனக்கு திட்டு விழுந்துச்சு.

டிஷ்யூ ரோல் உள்ள இருக்கற அட்டைக் குழாய்ல அடில 4 வெட்டு வெட்டி மடிச்சா நாத்து போட குட்டி தொட்டி, வளந்ததும் அட்டையோடவே மண்ணுல வெச்சுடலாம். கிளிட்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, போன வருஷம் கொட்டினது இன்னும் பாய்ல மினுங்குது. சின்னப் பசங்க கூட இருந்தா ஹாட் குளூ கன்னும் வேணாம், வெள்ளைப் பசை காய லேட்டாகும், அவ்ளோதான்.

கடைசியா விதைப் பேப்பர், அதாவது கூழுல விதை கலந்து செய்யற தாள், கிரீட்டிங் கார்டா குடுத்துட்டு அப்புறம் மண்ணுல போட்டா முளைக்கும். பழைய நோட்டுத் தாள கிழிச்சு ராத்திரி ஊற வெச்சு, மிக்ஸில கூழா அரைச்சு, விதைய கையாலதான் கலக்கணும், மிக்ஸில போட்டா விதையும் சேந்து அரைஞ்சுடும். சல்லடைல மெல்லிசா பரப்பி, துண்டால ஒத்தி எடுத்து, வெயிலும் காத்தும் வர்ற எடத்துல சீக்கிரமா காய வைக்கணும். இந்த சீக்கிரமாங்கறத நான் படிச்சும் கண்டுக்கல. மழை நேரத்துல கனமா பரப்பி துண்டு மேலயே விட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன், நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா கிரீட்டிங் கார்டுக்கு பதிலா துண்டு ஃபுல்லா பச்சைப் பசேல்னு முளை, வேர் துண்டுக்குள்ள போயிடுச்சு, புடுங்கவும் முடியல. அப்படியே துண்டோட தொட்டில விரிச்சு மேல மண்ணப் போட்டேன். பாதி பூத்துச்சு.