அச்சேறாத இரங்கல்

அன்புள்ள ஐயா,

போன வாரம் போலந்து இதழாசிரியர் யெஜி துரோவிச்சைப் புகழ்ந்திருந்தீர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் வாராவாரம் தணிக்கைக்காரர்களிடம் பக்கங்களைக் காட்டி அனுமதி வாங்கியவர்தானே அவர்? அது சமரசம் இல்லையா? போப் இரண்டாம் ஜான் பால் அவர் இதழில் எழுதியது உண்மையா? அவரைப் பற்றி எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

எதைப் படிப்பது என்று அப்புறம் சொல்கிறேன். போப் எழுதினார், சரி, அதை எல்லோரும் சொல்லியாயிற்று. ‘சமரசம்’ என்கிற சொல்லை மட்டும் இப்படிக் கல் எறிகிற மாதிரி எறியாதீர்கள். உங்கள் வயதில் நானும் எறிந்தவன். அதனால்தான் இந்தக் கோபம்.

ஆமாம், ஒவ்வொரு வரிக்கும் பேரம் பேசினார். க்ராக்கோவில் 1945இல் ‘திகோத்னிக் பொவ்ஷெஹ்னி’ என்ற கத்தோலிக்க வார இதழுக்கு ஆசிரியரானபோது வயது 32. பேரம் பேசாவிட்டால் ஒரு இதழ்கூட வந்திருக்காது. 1981இல் வந்த சட்டம், தணிக்கையில் வெட்டிய இடத்தை வாசகருக்குக் காட்டலாம் என்றது. உடனே அவர் இதழில் அடைப்புக்குறிக்குள் கோடுகள், பக்கத்திலேயே அந்தச் சட்டத்தின் எண். மற்றவர்கள் ஓட்டையை ஒட்டுப்போட்டு மறைப்பார்கள், இவர் ஓட்டையையே அச்சடித்தார். இதுவும் சமரசமா?

நான் சொல்ல வந்தது 1953. மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். எல்லாப் பத்திரிகைகளும் இரங்கல் போட வேண்டும். துரோவிச்சும் நண்பர்களும் மாட்டோம் என்றார்கள். கொஞ்ச மாதத்தில் இதழையே பறித்து, அரசுக்கு வேண்டிய ‘பாக்ஸ்’ அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அதே பெயர், அதே முகப்பு, உள்ளே வேறு ஆட்கள். தன் இதழ் தானில்லாமல் கடையில் தொங்குவதை மூன்று வருடத்துக்குமேல் பார்த்திருக்கிறார் மனிதர். 1956 கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பக் கிடைத்தது. 1999 ஜனவரியில் சாகும்வரை அவரே ஆசிரியர்.

எத்தனையோ விஷயத்தில் வளைந்தவர், ஒரு இரங்கலுக்கு வளையவில்லை. ஒரே ஒரு இரங்கல், தம்பி! எழுதிக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. எனக்குத் தெரியும்.

இருபத்து நாலு வயதில் ஒரு வார இதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மில் முதலாளி ஒருவர் இறந்தார். கூலிக்காரர்களின் ஆறு மாதச் சம்பளத்தை அமுக்கியவர். அதில் என் அப்பாவின் சம்பளமும் உண்டு. ஆசிரியர் அரைப் பக்கம் கேட்டார். ‘வள்ளல்’ என்று தொடங்கினேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.